இயற்கை விளைபொருட்களை வாங்கத் தூண்டுவது எது? ஒரு வரலாற்றுப் பார்வை

மதுரைக்கு மேற்கே இருக்கும் கீழக்குயில்குடி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சமணர் மலை. இங்கே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்களை இன்றும் காணலாம். சமண சமயம் புலாலை மட்டுமல்ல, கிழங்குகளையும் விலக்கச் சொன்னது. கிழங்கைத் தோண்டும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடியும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆக, உண்ணும் உணவால் பிற உயிர்களுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல.

இன்று இயற்கை அங்காடியில் கூடுதல் விலை கொடுத்து அரிசி வாங்குபவரும் இந்தக் கேள்வியோடுதான் போகிறாரா? பெரும்பாலும் இல்லை. பல நாடுகளில் நடந்த நுகர்வோர் ஆய்வுகளில் முதலில் வரும் காரணம் உடல்நலம். சுற்றுச்சூழல் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரக நெல்லோடு ரசாயன உரமும் பூச்சிமருந்தும் வயலுக்கு வந்தன. விளைச்சல் பெருகியது, பஞ்ச பயம் குறைந்தது. இதை மறுக்க முடியாது. ஆனால் மருந்தின் மறுபக்கமும் தெரியத் தொடங்கியது. 1962இல் அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி நூல் எழுதி எச்சரித்தார். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பானால் மக்கள் பட்ட துயரம் நாடறிந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தமிழகத்தில் கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராக நடந்து, நஞ்சில்லா உணவு என்பதை வீட்டுப் பேச்சாக்கினார்.

சரி, விருப்பம் வந்துவிட்டது. அது மட்டும் போதுமா? இங்கேதான் வணிகவியல் வருகிறது. தக்காளி பழுத்ததா என்பதைப் பார்த்தே சொல்லலாம். மாம்பழம் இனிக்குமா என்பது தின்றால் தெரியும். மருந்து அடித்ததா இல்லையா என்பது தின்ற பிறகும் தெரியாது. இப்படிப்பட்டவற்றை 'நம்பிக்கைப் பொருட்கள்' என்று 1973இல் டார்பி, கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் வகைப்படுத்தினர். இங்கே விலையை விடப் பெரிய தடை சந்தேகம். சாதாரணக் காயை 'ஆர்கானிக்' என்று விற்பவர் ஒருவர் போதும். உண்மையாக உழைத்த விவசாயியின் சரக்கும் தேங்கிவிடும்.

இதற்காகத்தான் சான்றிதழ் வந்தது. 2001இல் மத்திய அரசு தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தைத் தொடங்கியது. 2017இல் 'ஜைவிக் பாரத்' முத்திரை வந்தது. ஆனால் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆய்வுச் செலவும் ஆவணங்களும் சுமைதான். ஆகவே விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் நடைமுறைக்கு வந்தது.

மதுரைக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அது இயற்கை விளைபொருளுக்கான சந்தை அல்ல. ஆனால் விளைவித்தவரே புகைப்பட அடையாள அட்டையோடு அங்கே விற்றார். யாரிடம் வாங்குகிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிந்தது. எந்த முத்திரையும் தர முயல்வது இந்த நம்பிக்கையைத்தான்.

மொத்தத்தில், வாங்கத் தூண்டுவது உடல்நலம். தொடர்ந்து வாங்க வைப்பது நம்பிக்கை. தன் பிள்ளைக்காக வாங்குபவர் மண்புழுவை நினைக்காமல் இருக்கலாம். ஆனாலும் மருந்து விழாத வயலில் மண்புழு பிழைத்துக்கொள்கிறது. சமணர்கள் அறமாகக் கேட்டதை இன்றைய நுகர்வோர் தன்னலத்துக்காகச் செய்தாலும் பலன் மண்ணுக்குத்தானே!