விமானத்தோட நம்பர் பிளேட்: வி.டி.ங்கிற ரெண்டு எழுத்தின் கதை

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற ரோட்டுல முன்னாடி போற பைக்கைப் பாருங்க. நம்பர் பிளேட்டுல டி.என். 84, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அதுக்கு மேல 'ஆண்டாள் துணை'. மட்கார்டுல பொண்ணு பேரு, டேங்க்ல புலி நகம். எல்லாம் ரேடியம் கடை உபயம். சில பேர் நம்பரையே வளைச்சு நெளிச்சு ஒட்டிட்டு, அபராதமும் கட்டிட்டுப் போவாங்க. இதை வெச்சுத்தான் நம்ம லிஸனர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, குட்டி விமானத்துக்கும் இப்படித்தான் ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா?"

ஒட்டுவாங்க. ஃப்ளையிங் கிளப்ல நிக்கிற செஸ்னா மாதிரி விமானங்கள்ல எழுத்து ஒண்ணு பெயின்ட்டா இருக்கும், இல்லைன்னா வினைலா இருக்கும். கிட்டத்தட்ட ரேடியம் கடை சமாச்சாரம்தான். ஆனா என்ன எழுதணும்னு ஓனர் முடிவு பண்ண முடியாது. அதுக்குப் பின்னாடி நூறு வருஷ வரலாறு இருக்கு.

முதல் உலகப் போர் முடிஞ்சதும், 1919-ல் பாரிஸ்ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க. எல்லை தாண்டிப் பறக்கிற விமானம் எந்த நாட்டோடதுன்னு தெரியணும், அதனால நாட்டுக்கு நாடு எழுத்து. பிரிட்டனுக்கு 'ஜி' கிடைச்சது. நாம அவங்க கையில இருந்ததால நமக்கு 'ஜி-ஐ'. அப்புறம் 1927-ல் வாஷிங்டன்ல நடந்த ரேடியோ மாநாட்டுல வயர்லெஸ் அழைப்புக் குறிகளைப் புதுசா பங்கு போட்டாங்க. அதையே விமானத்துக்கும் எடுத்துக்கிட்டதால, 1929-ல் இருந்து இந்திய விமானங்கள் 'வி.டி.' ஆச்சு.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து அகமதாபாத் வழியா பம்பாய்க்குத் தபால் மூட்டையோட ஓட்டிட்டு வந்த பஸ் மாத் விமானத்தோட எழுத்து வி.டி.-ஏ.டி.என். அங்கேயிருந்து நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியா மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தார். அந்த விமானத்துக்கு உடம்புல இரும்புக் குழாய் சட்டம், இறக்கையில மரச் சட்டம், ரெண்டுக்கும் மேல துணி. துணி விறைப்பா நிக்க 'டோப்'ங்கிற ஒரு பூச்சு. அதுக்கு மேல பிரஷ்ல எழுதின எழுத்து. பஞ்சாலை ஊர்க்காரங்களுக்கு இது பிடிக்கும்: துணியில பறந்த காலம் அது.

சரி, வி.டி.ன்னா என்ன? வாட்ஸ்அப்ல உங்களுக்கும் வந்திருக்கும்: 'வைஸ்ராய்ஸ் டெரிட்டரி', வைஸ்ராயோட பிரதேசமாம். இன்னமும் நம்ம விமானத்துல அடிமைச் சின்னமான்னு நாடாளுமன்றத்துலயே கேட்டிருக்காங்க. டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் மனு போயிருக்கு. ஆனா 1927 பட்டியலை எடுத்துப் பாத்தா அந்தக் கதை நிக்காது. நமக்குக் கொடுத்தது வி.டி. மட்டும் இல்லை, வி.டி.யில இருந்து வி.டபிள்யூ. வரைக்கும் மொத்த வரிசையும். 'வி'யில ஆரம்பிக்கிற பக்கத்து வரிசைகள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மத்த காலனிகளுக்கும் போச்சு. நம்ம ஹாம் ரேடியோக்காரங்க இன்னைக்கும் 'வி.யு.'ல ஆரம்பிக்கிற குறிதான் வெச்சிருக்காங்க. அப்போ 'யு'வுக்கு என்ன விரிவாக்கம் சொல்லுவாங்க?

அதுக்காக மாத்தணும்னு நினைக்கிறதே தப்புன்னு நான் சொல்லல. எழுத்தை யார் பங்கு போட்டாங்க, நம்மகிட்ட கேட்டாங்களாங்கிறது நியாயமான கேள்வி. இலங்கை காலனி காலத்து 'வி.பி.-சி'யை விட்டுட்டு இன்னைக்கு '4ஆர்'ல பறக்குது. பாகிஸ்தான் 'ஏ.பி.' வாங்கிக்கிச்சு. நமக்கு 'ஐ.என்.' வேணும்னா 'ஐ' இத்தாலிகிட்ட இருக்கு. 'பாரத்'னு 'பி.எச்.' கேட்டா 'பி' சீனாகிட்ட இருக்கு. வேற எழுத்து கிடைச்சாலும் ஒவ்வொரு விமானத்துலயும் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா எழுதணும், கூடவே அத்தனை காகிதத்தையும் மாத்தணும்.

எழுதுறதும் லேசு இல்லை. இறக்கையோட அடியில எழுத்து குறைஞ்சது 50 செ.மீ. உயரம், உடம்போட பக்கவாட்டுல 30 செ.மீ. அகலம் உயரத்துல மூணுல ரெண்டு பங்கு, கோட்டோட தடிமன் ஆறுல ஒரு பங்கு. 30 செ.மீ. எழுத்துன்னா 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. கோடு. ரோமன் பெரிய எழுத்து மட்டும்தான், வளைவு நெளிவு எதுவும் கூடாது. தமிழ்ல எழுத ஆசைப்பட்டா வேற இடத்துல எழுதிக்கலாம். 2016-ல் ஏர் ஏசியா விமானத்து மேல 'கபாலி' ரஜினி இருந்தார் இல்லையா, அப்படி.

1980கள்ல கம்ப்யூட்டர் சொல்ற வடிவத்துல வினைலை வெட்டுற மெஷின் வந்ததும் பிரஷ் வேலையில பாதி போச்சு. ஒட்டுற முறை எளிமையானது: எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைச்சு, சோப்புத் தண்ணி தெளிச்சு, எழுத்தை நகர்த்தி நேரா வெச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளணும். ரிவெட் தலை மேல சூடு காட்டி அழுத்தணும். எதிர்காத்து அடிக்கிற ஓரம்தான் முதல்ல பிரியும். வால்ல அசையுற பாகங்கள் இருக்கே, அதுல பெயின்ட்டோ ஸ்டிக்கரோ கூடுனா எடைச் சமநிலையை மறுபடி பாக்கணும். இல்லைன்னா பறக்கும்போது நடுங்க ஆரம்பிச்சிடும்.

இதைவிட முக்கியமா, உடம்புல சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். காத்தழுத்தத்தை வெச்சு உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுச் சொல்ற ஓட்டைகள் அவை. 1996 அக்டோபர் 2, பெரு நாட்டு லிமாவுல, ஒரு போயிங் 757-ஐக் கழுவுறப்போ அந்த ஓட்டைகள் மேல டேப் ஒட்டியிருக்காங்க. கழுவி முடிச்சதும் எடுக்க மறந்துட்டாங்க. ராத்திரி, கடலுக்கு மேல, எவ்வளவு உயரத்துல இருக்கோம்னே விமானிகளுக்குத் தெரியல. விமானத்துல இருந்த 70 பேரும் போயிட்டாங்க. பெயின்ட் அடிக்கிறவரும் ஸ்டிக்கர் ஒட்டுறவரும் முதல்ல மூடுறது அந்த ஓட்டையைத்தான். கடைசியில கவனமா பிரிக்க வேண்டியதும் அதைத்தான்.

பெயின்ட்டும் வினைலும் தீயில எரிஞ்சிடும். அதனால வாசல் பக்கத்துல, தீயைத் தாங்குற ஒரு உலோகத் தகட்டுலயும் அதே எழுத்துகளைப் பொறிச்சு வெச்சிருப்பாங்க.