தடவிப் பார்க்கும் கை

மளிகைக் கடைக் கல்லாவில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால், கடைக்காரரின் பெருவிரல் நோட்டின் மேல் ஒருமுறை ஓடும். விரலுக்குச் சந்தேகம் வந்தால்தான் நோட்டு ட்யூப்லைட்டுக்கு நேராக உயரும். எங்கே தடவுவது, எதைத் தேடுவது என்ற இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் கள்ள நோட்டுக்காரர்களே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1861-இல் காகிதப் பணச் சட்டம் வந்தது. நோட்டு அடிக்கும் உரிமை அரசுக்கு மட்டும் என்றானது. விக்டோரியா மகாராணியின் சிறு படத்தோடு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட நோட்டுகள் புழங்கின. போலிகள் பெருகவே அவற்றைத் திரும்பப் பெற்றுவிட்டு, 1867 முதல் வேறு வரிசையை இறக்கினார்கள். எழுத்துக்கு அடியில் வண்ணப் பூச்சு, பின்னிப் பிணைந்த கோட்டுக் கோலம், காகிதத்துக்குள் நெளிநெளியாக நீர்க்குறி என்று ஏற்பாடுகள் கூடின.

திருடனுக்கு மட்டும் மக்களே ஒரு மருந்து வைத்திருந்தார்கள். நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியைத் தபாலில் அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் வந்த பிறகே மறுபாதி கிளம்பும்!

இரண்டாம் உலகப் போரில் எதிராளி ஒரு நாடாகவே இருந்தது. ஜப்பானியர்கள் இந்திய நோட்டைத் தேர்ந்த கையோடு நகலெடுத்தார்கள். அதுவரை மன்னர் ஆறாம் ஜார்ஜ் நீர்க்குறியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நேராகத் திரும்பினார். பாதுகாப்பு இழை இந்திய நோட்டுக்குள் நுழைந்ததும் அப்போதுதான்.

1996-இல் வந்த மகாத்மா காந்தி வரிசையில் அந்த இழை காகிதத்துக்குள் முங்கி முங்கி வெளியே தலைகாட்டியது. காந்தி படத்துக்குப் பக்கத்தில் நின்ற பட்டையில் ஒரு எண் ஒளிந்திருந்தது. நோட்டைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்தால் தெரியும். பார்வையற்றவர்களுக்காக மேடெழுந்த அடையாளங்களும் வந்தன: நூறுக்கு முக்கோணம், ஐந்நூறுக்கு வட்டம். 2000-இல் வந்த ஆயிரம் ரூபாயில், சாய்த்தால் நிறம் மாறும் மையில் எண் அச்சானது.

2016-க்குப் பிந்தைய ஐந்நூறில் இரு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் மேடாக இருக்கும்; நூறில் நான்கு. இருநூறில் நான்கு கோடுகளுக்கு நடுவே இரண்டு சிறு வட்டங்கள். இழை பச்சையிலிருந்து நீலமாகும். கண்ணுக்கு இதெல்லாம் விருந்துதான். விரலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பழைய நூறுக்கும் ஐந்நூறுக்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. இப்போது நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அடுத்தடுத்த நோட்டுகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர்தான். கசங்கிப் பழசான நோட்டில் மேடும் தேய்ந்துவிடும். அளவை வைத்தே நோட்டைப் பிரித்தறிந்த பார்வையற்றவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. கேமராவுக்கு முன்னால் நோட்டைக் காட்டினால், அது எத்தனை ரூபாய் என்று வாய்விட்டுச் சொல்லும். நல்லதா, கள்ளதா என்று மட்டும் சொல்லாது.