காய் விளையுறது அங்கே... விலை பேசுறது இங்கே! போடிநாயக்கனூர் என்ற ஏலக்காய் ஊரின் கதை

பிரியாணியில கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருந்து, கரெக்டா கடைசி வாய்ல மாட்டுற ஏலக்காயைத் திட்டாதவங்க யாராவது இருக்கீங்களா? அடுத்த தடவை திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அந்தக் காய் உங்க தட்டுக்கு வர்ற வழியில தேனி மாவட்டத்தின் ஒரு ஊரைத் தொட்டுட்டு வந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கு. அந்த ஊர், போடிநாயக்கனூர். சுருக்கமா, போடி.

'ஏலக்காய் நகரம்'னு பெயர் வாங்கிய ஊர் இது. ஆனா, போடி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, "ஏலக்காய்த் தோட்டம் எங்கேண்ணே இருக்கு?"னு கேட்டுப் பாருங்க. கை மேற்கே மலையைக் காட்டும். அந்த மலையின் பெரும்பகுதி கேரளா. தன் பெயரோட ஒட்டியிருக்கிற பயிர் பக்கத்து மாநிலத்துல விளையுது. அதை விலை பேசுறது, ரகம் பிரிக்கிறது, மூட்டை கட்டுறது எல்லாம் இங்கே நடக்குது. போடியோட பணமும் சரி, பிரச்னையும் சரி, இந்த ஒரு விஷயத்துலதான் இருக்கு.

மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் வாசல்

மேப்பைத் திறங்க. மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை - வருசநாட்டு மலை. நடுவுல நீளமா கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. கம்பம், சின்னமனூர்ப் பக்கம் எல்லாம் முல்லைப்பெரியாற்றுத் தண்ணி பாய்ந்து நெல்லும் திராட்சையுமா பச்சைப்பசேல்னு இருக்கும். வடமேற்கு மூலையில, மலைகளுக்கு நடுவே சொருகி வைத்த மாதிரி இருக்கிற ஊர்தான் போடி. தேனியிலிருந்து சுமார் 15 கி.மீ.

தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கமா வந்து மலை உச்சியில கொட்டித் தீர்த்துடும். இந்தப் பக்கம் இறங்கும்போது மேகத்துல சரக்கு இருக்காது. அதனால மேலே சாந்தன்பாறை, பூப்பாறைப் பக்கம் ஜூலையில குடை இல்லாம நடக்க முடியாது. கீழே போடியில அதே நேரத்துல வெயிலும் காற்றும்தான். ஊருக்கு முக்கியமான மழை அக்டோபர், நவம்பர்ல வர்றது. கொட்டகுடி ஆறு மலையிலிருந்து இறங்கி, ஊரை ஒட்டி ஓடி, வைகையில போய்ச் சேருது.

இந்த வெயில்தான் ஊரின் முதல் மூலதனம். ஏலக்காய்ச் செடிக்கு ஈரமும் மர நிழலும் வேணும். பறிச்ச காய்க்கு அந்த ஈரமே எதிரி. தோட்டத்து ஸ்டோர்ல சூடு காட்டி உலர்த்தி எடுத்த காயை மறுபடி ஈரம் தொட்டா பச்சை நிறம் போயிடும், விலையும் போயிடும். காய்ஞ்ச அடிவாரத்துல கிட்டங்கி போட்டு வச்சா சரக்கு நிக்கும். ஏலக்காய் மட்டும் இல்லை. மலை காபி, சுற்றுவட்டார மாங்காய், தலையணைக்குள்ள போற இலவம் பஞ்சு எல்லாத்துக்கும் போடி சந்தை.

பாளையக்காரர் ஊர்

பெயர்லயே வரலாறு இருக்கு. மதுரை நாயக்கர்கள் காலத்து 72 பாளையங்களில் இதுவும் ஒண்ணு. அப்புறம் ஆங்கிலேயர் காலத்துல ஜமீன் ஆச்சு. ஊருக்குள்ள இருக்கிற ஜமீன் அரண்மனையில ராமாயணக் காட்சிகளைச் சுவர் ஓவியங்களா தீட்டியிருக்காங்க. ஊரின் தலையெழுத்தை மாத்தினது அரண்மனை இல்லை, மேலே மூணாறுல நட்ட தேயிலை.

கயிற்றில் இறங்கிய தேயிலை

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சார் அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுக்கிறார். காடு தேயிலைத் தோட்டம் ஆகுது. அடுத்த கேள்வி, இத்தனை உயரத்துல விளைஞ்ச தேயிலையை லண்டனுக்கு எப்படி அனுப்புறது?

அவங்க கண்டுபிடிச்ச வழியை இன்னைக்குக் கேட்டாலும் ஆச்சர்யமா இருக்கும். 1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியா மலை விளிம்பு வரைக்கும் ஒற்றைத் தண்டவாளத்துல ஒரு வண்டி. ஆமாம், மோனோ ரயில்! 1908-ல் அது இரண்டு அடி அகலமுள்ள குட்டி ரயில் ஆச்சு. அது முடியுற இடம்தான் 'டாப் ஸ்டேஷன்'. இன்னைக்கு நாம செல்ஃபி எடுக்கிற அதே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து சுமார் 5 கி.மீ நீளத்துக்கு ஆகாயத்துல கட்டின கம்பிக் கயிற்றுப் பாதையில தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கிட்டே இறங்கும். இறங்குற இடம் குரங்கணிக்குப் பக்கத்துல கொட்டகுடி. அதுக்குப் பெயர் 'பாட்டம் ஸ்டேஷன்'. அங்கிருந்து போடிக்கு 15 கி.மீ மாட்டுவண்டி. அப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து.

ஆங்கிலேயருக்கு இது புதுசு இல்லை. அவங்க ஊர்ப் பக்கம் வேல்ஸ்ல ரோண்டா பள்ளத்தாக்குல வெட்டின நிலக்கரி, ரயிலேறி கார்டிஃப் துறைமுகத்துக்கு இறங்கின அதே கணக்குதான். பொருள் மலையில, பணம் துறைமுகத்துல. நடுவுல இருக்கிற ஊருக்குக் கூலியும் கடைத்தெருவும். ரோண்டாவில் கடைசிச் சுரங்கம் 1990-ல் மூடப்பட்டது. நிலக்கரியை நம்பி வளர்ந்த ஊர்கள் வேலைக்கு வெளியூர் பார்க்க வேண்டியதாச்சு.

மூணாறு ரயில் அவ்வளவு நாள்கூட நிக்கலை. 1924 ஜூலையில வந்த பெருவெள்ளம் தண்டவாளத்தையும் ஸ்டேஷன்களையும் சேர்த்து அடிச்சுட்டுப் போயிடுச்சு. மலையாள ஆண்டு 1099-ல் நடந்ததால கேரளாவில் அதை '99 வெள்ளம்'னு இன்னைக்கும் சொல்றாங்க. அந்த ரயிலை யாரும் மறுபடி போடலை.

வந்தது, போனது, வந்தது, போனது

விநோதம் என்னன்னா, மலை ரயில் அழிஞ்ச நாலே வருஷத்துல, 1928-ல், மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயில் போடிக்கு வந்துச்சு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியா சுமார் 90 கி.மீ. தண்டவாளம் போடியோட முடிஞ்சுடும். அதுக்கு மேல மலை.

இரண்டாம் உலகப் போர் வந்தப்போ, இரும்பு தேவைனு அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துட்டாங்க. 1950-களில் மறுபடி போட்டாங்க. 2010 டிசம்பரோட, அகலப்பாதையா மாத்தணும்னு மறுபடி நிறுத்தினாங்க. இந்த முறை காத்திருப்பு பன்னிரண்டரை வருஷம். 2010-ல் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த போடிப் பிள்ளை ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் சொந்த ஊர்ல ரயிலைப் பார்க்கலை. 2022 மே மாசம் ரயில் தேனி வரைக்கும் வந்து நின்னுச்சு. 2023 ஜூன் 15-ம் தேதிதான் போடிக்கு வந்துச்சு. இப்போ சென்னை சென்ட்ரல்லிருந்து வாரத்துக்கு மூணு நாள் நேரடி ரயில் இருக்கு.

மலை போனது, பயிர் மிஞ்சியது

1956 நவம்பர் 1, மொழிவாரி மாநிலங்கள் பிறந்த நாள். தமிழர்கள் பெருவாரியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோட சேர்க்கணும்னு மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிச்சு. கன்னியாகுமரி வந்தது, செங்கோட்டை வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரலை. போடிக்காரங்களுக்கு அது ஏதோ தூரத்து அரசியல் செய்தி இல்லை. வீட்டு வாசல்லிருந்து பார்த்தா தெரியுற மலை வேற மாநிலம் ஆனது.

ஆனா, ஏலக்காய் எல்லையைப் பார்க்கலை. மலையில தோட்டம் வச்சிருக்கிற தமிழர்கள் இன்னைக்கும் இருக்காங்க. மலையாளி விவசாயிகளின் காயும் இங்கே வருது. நறுமணப் பொருள்கள் வாரியம் 2007-ல் கொண்டு வந்த மின்னணு ஏலம் இரண்டு இடத்துல நடக்குது. ஒண்ணு இடுக்கி மாவட்டத்துப் புற்றடி, இன்னொண்ணு போடி.

ஏலக்காய் ஏலத்தை ஒரு தடவையாவது பார்க்கணும். முன்னாடி வாய்ல கூவின இடத்துல இப்போ வரிசையா கம்ப்யூட்டர். தோட்டக்காரர் கொண்டு வந்த சரக்குல இருந்து சாம்பிள் காய் வியாபாரிகள் கைக்கு வரும். உருட்டிப் பார்ப்பாங்க, உடைச்சுப் பார்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க. பட்டன்ல விரல். சில நொடியில விலை படிஞ்சு அடுத்த லாட் போயிடும். வாங்கின காய் கிட்டங்கிக்குப் போகும். அங்கே பெண்கள் உட்கார்ந்து, வெடிச்சது, வெளுத்தது, சிறுத்தது எல்லாத்தையும் கையால பொறுக்குவாங்க. 8 மில்லிமீட்டருக்கு மேல உருண்டு திரண்ட பச்சைக் காய்க்குத்தான் ராஜ மரியாதை. அப்புறம் டெல்லி, மும்பைனு வடக்கே கிளம்பிடும். அங்கே பான் மசாலா கம்பெனிகளே பெரிய வாடிக்கை!

போட்டி எங்கே இருக்கு தெரியுமா? மத்திய அமெரிக்காவின் குவாதமாலாவில். நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்து ஏலக்காயைக் கொண்டுபோய் நட்ட நாடு, இன்னைக்கு உலகச் சந்தையின் பெரிய ஏற்றுமதியாளர். காபியில ஏலக்காய் போட்டுக் குடிக்கிற சவுதி அரேபியா பெரிய வாடிக்கையாளர். இந்தியக் காயில பூச்சிமருந்து மிச்சம் அதிகம்னு அவங்க முகம் திருப்பினா, போடிக் கிட்டங்கியில சரக்கு தேங்கும்.

விலை ஒரு இடத்துல நிக்காது. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் செடியை அழிக்க, 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. அதைப் பார்த்துக் கடன் வாங்கிச் செடி நட்டவங்க நிறைய பேர். அடுத்த இரண்டு மூணு வருஷத்துல கிலோ 1,000 ரூபாய்க்குக் கீழே விழுந்துச்சு. 2024 கோடை வெயில்ல இடுக்கியில செடிகள் மறுபடி கருகிச்சு.

காலை ஜீப்

இவ்வளவு நேரம் வியாபாரம் பேசினோம். காய் எடுக்கிறவங்களைப் பத்திப் பேசாம விட்டா கதை பாதிதான்.

இன்னும் விடியாத நேரத்துல போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்கள்ல போய் நின்னா, ஜீப் ஜீப்பா ஆள் ஏறுறதைப் பார்க்கலாம். பெரும்பாலும் பெண்கள். கையில தூக்குவாளி, மழைக்கு ஒரு பாலித்தீன் தாள். போடி ஜீப் முந்தல் செக்போஸ்ட் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியா கேரளாவுக்குள்ள போகும். கம்பத்து ஜீப்புக்கு கம்பம்மெட்டு. சாயங்காலம் அதே வழியில இறங்கணும். ஏத்த வேண்டிய ஆளைவிட அதிகம் ஏத்திக்கிட்டு, பனியில வளைவு தெரியாம கவிழ்ந்த ஜீப்புகளைப் பத்தின செய்தி இந்தப் பக்கத்துப் பேப்பர்கள்ல அடிக்கடி வரும்.

வேலையும் லேசு இல்லை. தேயிலையை நின்னுக்கிட்டே கிள்ளலாம். ஏலக்காய் அப்படி இல்லை. ஆள் உயரத்துக்கும் மேல வளர்ற செடியில, காய் பிடிக்கிற சரம் அடியில, மண்ணை ஒட்டி இருக்கும். ஈர மண்ணுல குத்தவைச்சு, அட்டைக்கடியோட, முத்தின காயை மட்டும் பார்த்துப் பறிக்கணும். பிஞ்சைத் தொட்டா நஷ்டம். அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ஞ்சாதான் ஏறக்குறைய ஒரு கிலோ ஏலக்காய்.

எல்லை மூடினா இந்த வாழ்க்கை அன்னைக்கே நின்னுடும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை விவகாரம் கொதிச்சப்போ, மலைத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோட நடந்தே இறங்கி வந்தாங்க. 2020 ஊரடங்குல போடிமெட்டு மறுபடி அடைபட்டது. மேலே காய் எடுக்க ஆள் இல்லை, கீழே அடுப்புக்கு அரிசி இல்லை.

மலைக்குள்ளே ஒரு குகை

போடி மலையைத் தேடி இன்னொரு கூட்டமும் வந்துச்சு, இயற்பியல் விஞ்ஞானிகள். இதோட தொடக்கம் ஒரு நிஜச் சுரங்கத்துல. 1965-ல் கோலார் தங்கவயலின் பல ஆயிரம் அடி ஆழத்துல, வளிமண்டலத்துல உருவாகுற நியூட்ரினோ துகள்களை இந்திய விஞ்ஞானிகள் பதிவு செஞ்சாங்க. உலகத்துலயே முதன்முறை பதிவு செஞ்சவங்கள்ல அவங்களும் உண்டு. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வேலை பார்த்த அந்தச் சுரங்கம் 2001-ல் மொத்தமா மூடப்பட்டது. ஆய்வுக்கு வேற மலை தேவைப்பட, போடி மேற்கு மலைக்கு, பொட்டிபுரம் கிராமத்துக்கு வந்தாங்க. மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை, உள்ளே போக சுமார் 2 கி.மீ சுரங்கப்பாதை, குகைக்குள்ள 50,000 டன் இரும்பு கொண்ட கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்துச்சு.

ஊர் ஒத்துக்கலை. வெடி வச்சா மலை என்ன ஆகும், ஊற்று என்ன ஆகும், அணைக்கு என்ன ஆகும்னு கேள்விகள். ஆபத்து இல்லைனு விஞ்ஞானிகள் சொன்ன விளக்கம் மக்களிடம் எடுபடலை. புலிகள் நடமாடுற மலைக்காட்டுல அனுமதிக்க முடியாதுனு 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துல சொல்லிடுச்சு. என்னைக் கேட்டா, துகளைப் பத்தின பயத்துல பாதி, சரியா விளக்காததால வந்தது. ஆனா, மலையிலிருந்து வர்ற ஆற்றையும் மழையையும் நம்பி இருக்கிற ஊரு மலையைக் குடையுறேன்னு சொன்னா பதறத்தான் செய்யும்.

போகணும்னு தோணுதா?

போங்க. குரங்கணி - டாப் ஸ்டேஷன் மலையேற்றப் பாதை அந்தப் பழைய கயிற்றுப் பாதைப் பக்கம்தான் போகுது. ஆனா, 2018 மார்ச் 11 அன்னைக்கு அந்த மலையில காட்டுத்தீயில மாட்டிக்கிட்ட மலையேற்றக் குழுவுல 20 பேருக்கு மேல இறந்தாங்க. வனத்துறை அனுமதி இல்லாம, காய்ஞ்ச கோடையில ஏறவே ஏறாதீங்க. மழை முடிஞ்ச டிசம்பர், ஜனவரி நல்லா இருக்கும். மேலே காய் எடுப்பும் அப்போ நடந்துக்கிட்டு இருக்கும்.

சென்னையில ராத்திரி ஏறினா, காலையில தண்டவாளம் முடியுற இடத்துல இறங்கலாம். கடைத்தெருவுல காய் வாங்கினா, ஒண்ணை உரிச்சு உள்ளே விதை கறுப்பா, பிசுபிசுப்பா இருக்கானு பார்த்து வாங்குங்க. ஜீப்பைப் பார்க்கணும்னா மட்டும் முந்தின நாளே வந்து தங்கணும். ரயில் வர்ற நேரத்துக்கு அவங்க எல்லாரும் மேலே போய் வேலையைத் தொடங்கியிருப்பாங்க.