புலம்பலின் இரு கரைகள்: கறுப்பினத்தாரின் புளூஸ் பாடலும் வடசென்னைக் கானாவும்

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஊழியம் செய்யும் ஆயர்களுக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. பகலில் ஒரு வீட்டில் அடக்க ஆராதனை நடைபெறுகிறது. பாமாலைகள் பாடப்படுகின்றன, வேதபாகம் வாசிக்கப்படுகிறது, ஆசி கூறி ஆயர் விடைபெறுகிறார். இரவில் அதே தெருவின் வேறொரு வீட்டுப் பந்தலில் கருமாதிக்கான விளக்கு எரிகிறது. டோலக்கும் சட்டியும் முழங்க, ஒருவர் இறந்தவரின் பெயரையும் உழைப்பையும் உறவையும் சொல்லி விடியுமட்டும் கானா பாடுகிறார். நம் சபையாரும் அங்கே அமர்ந்திருக்கின்றனர். பகலில் அடக்கி வைத்த அழுகையை அவர்கள் அங்கே அழுது தீர்க்கின்றனர்.

இவ்விரு பாடல்களுக்கும் இடையே உள்ள இடைவெளி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் புளூஸ் பாடலும் அவர்களுடைய ஆலயத்தின் வாசலுக்கு வெளியே நின்றதுதான். அவ்வரலாற்றை நம் துறைமுகப் பகுதியின் வரலாற்றோடு சேர்த்து நோக்குவது, ஆயர் பணிக்கு ஆயத்தப்படுவோர்க்குப் பயன் தரும்.

1. கானா பிறந்த மண்

1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் கிராமங்களை விட்டு வந்தோர் பக்கிங்காம் கால்வாயை வெட்டும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அதே காலத்தில் கட்டப்பட்ட செயற்கைத் துறைமுகம் 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. மூட்டை சுமப்போர், மீன்பிடிப்போர், ஆலைத் தொழிலாளர், ரிக்‌ஷா இழுப்போர் ஆகியோரின் குடியிருப்புகள் இவற்றைச் சுற்றி வளர்ந்தன. கிராமத்தில் சேரி எனத் தள்ளப்பட்டவர்களே நகரத்திலும் பெரும்பாலும் குப்பத்திலும் சேரியிலும் ஒதுங்க நேர்ந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் தொழிலாளரே சாதியால் பிளவுண்டு இரத்தம் சிந்தியதும் இம்மக்களின் வரலாற்றில் மறக்கலாகாதவை.

இம்மண்ணுக்குப் பழைய பாடல் மரபு ஒன்றும் உண்டு. யாக்கையின் நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் உள்ளது. சூஃபிப் புலவராகிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தம் இறுதி ஆண்டுகளை இராயபுரம் பகுதியில் கழித்தார். சித்தர் பாடல், மஸ்தான் பாடல், கிராமத்து ஒப்பாரி, பின்னர்த் திரைப்படத்து மெட்டு ஆகிய யாவும் கலந்த நகரத்துப் புலம்பலே கானா. பாட்டு என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. தாள் எடுத்து எழுதாமல், கேட்போர் முகம் பார்த்து, அந்த இடத்திலேயே சொல் கட்டுவது அதன் இயல்பு. தீப்பெட்டியும் மேசைப் பலகையும்கூடத் தாளக் கருவிகளாகும். மரணத்தைப் பாடுவது அதன் தலையாய கடமை. காதல், வறுமை, சிறை, நகைச்சுவை ஆகியவை பின்தொடர்வன.

2. புளூஸும் அதன் பாடகரும்

அடிமைத்தனம் 1865இல் சட்டப்படி ஒழிந்த பின்னும், குத்தகை வேளாண்மையாலும் இனப்பாகுபாட்டுச் சட்டங்களாலும் அமெரிக்காவின் தென்மாநிலக் கறுப்பினத்தார் நசுக்கப்பட்டனர். அச்சூழலில் புளூஸ் பிறந்தது. ஓர் அடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவது அதன் பொது அமைப்பு. முதல் அடியில் துயரம் சொல்லப்படுகிறது. இரண்டாவதில் அது உறுதிப்படுகிறது. மூன்றாவதில் பாடுகிறவர் அதற்கு மேலாக எழுந்து நிற்கிறார். 1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் என்னும் சிற்றூரின் இரயில் நிலையத்தில், கந்தல் அணிந்த ஒருவர் கித்தாரின் நரம்புகளைக் கத்தியால் அழுத்திப் பாடக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். இவ்விசையை அச்சில் ஏற்றிப் பரப்பிய ஹாண்டி புகழ் பெற்றார். அந்த இரயில் நிலையப் பாடகரின் பெயரோ எவர் ஏட்டிலும் இல்லை.

1920ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண், பெர்ரி பிராட்ஃபோர்டு இயற்றிய ‘கிரேஸி புளூஸ்’ என்னும் பாடலை ஓக்கே நிறுவனத்துக்காகப் பாடினார். அது எதிர்பாராத அளவில் விற்றது. அதன் பின்னரே, இம்மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவர் என்பது நிறுவனங்களுக்குப் புலப்பட்டது. 1923இல் மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கினர். பெஸ்ஸி ஸ்மித்தின் தட்டுகள் கொலம்பியா நிறுவனத்துக்குப் பெரும் இலாபம் ஈட்டின. அவருக்கோ ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு தொகை கொடுக்கப்பட்டது. விற்பனையில் பங்கு கிடைக்கவில்லை. 1937இல் சாலை விபத்தில் அவர் இறந்தார். அவருடைய கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் நாட்டப்பட 1970ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உலகம் கொண்டாடும் இசைத்தட்டுகளுக்குப் பின்னே பெயர்க்கல் இல்லாத கல்லறைகள் இருக்கின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

3. ஆலயமும் பாடகரும்

கறுப்பினத் திருச்சபைகள் பல புளூஸைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கின. ஹாண்டியின் தந்தையார் மெதடிஸ்டுப் போதகர். சிறுவன் சேமித்த பணத்தில் வாங்கி வந்த கித்தாரைத் திருப்பிக் கொடுத்து அகராதி வாங்கி வரச் செய்தவர் அவர். சன் ஹவுஸ் பாப்டிஸ்டுப் பிரசங்கியாக இருந்து புளூஸ் பாடகரானவர். பிரசங்க மேடைக்கும் மதுக்கடைக்கும் இடையே ஊசலாடிய தம் உள்ளத்தையே அவர் 1930இல் இசைத்தட்டில் பாடினார்.

பார்வையற்ற தெருப் பாடகரான வில்லி ஜான்சன் 1927இல் டல்லஸ் நகரில் ஒரு பாடலைப் பதிவு செய்தார். கெத்செமனே தோட்டத்து இரவைப் பற்றிய பழைய ஞானப்பாட்டின் தலைப்பை அது தாங்கியிருந்தது. ஆனால் அதில் சொற்களே இல்லை. முனகலும் கித்தாரின் அழுகையும் மட்டுமே உண்டு. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களில் வைக்கப்பட்ட பொன்தட்டில் அதுவும் இடம்பெற்றது. வறுமையில் 1945இல் இறந்த ஒருவரின் வார்த்தையற்ற வேதனை இன்று விண்மீன்களுக்கிடையே பயணம் செய்கிறது.

இவ்விரு உலகங்களையும் இணைத்தவர் தாமஸ் டார்சி. போதகரின் மகனாகிய அவர், மா ரெய்னியின் பியானோ கலைஞராக இருந்தவர். 1928இல் இருபொருள்படும் கேளிக்கைப் பாடலால் பெயர் பெற்றவர். 1932இல் ஊழியத்தின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தபோது பிரசவத்தில் மனைவி இறந்தார். பிறந்த சிசுவும் உடனே இறந்தது. அத்துயரத்திலிருந்து பிறந்ததே, ஆண்டவரே என் கையைப் பிடித்தருளும் என மன்றாடும் ‘பிரஷஸ் லார்ட்’ என்னும் பாடல். புளூஸின் சாயல் உடையது என்று முன்பு பல சபைகள் அவருடைய ஞானப்பாட்டுகளை மறுத்திருந்தன. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்கத்தில் மஹேலியா ஜாக்சன் பாடியது அந்தப் பாடலையே. 1972இல் இறையியலாளர் ஜேம்ஸ் கோன், ஞானப்பாட்டும் புளூஸும் ஒரே மக்களின் ஒரே வாழ்வுப் போராட்டத்தில் பிறந்தவை என்று தம் நூலில் நிறுவினார்.

4. ஒப்புமையும் வேற்றுமையும்

கானாவின் வரலாறும் ஏறத்தாழ இவ்வழியே சென்றது. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதனைத் திரைக்குப் பரவலாகக் கொண்டுவந்தார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் மீன்களின் திருமணத்தைப் பாடிய கானா உலகநாதனும், 2012இல் ‘அட்டகத்தி’ படத்தில் பாடிய கானா பாலாவும் தமிழகமெங்கும் அறியப்பட்டனர். ஆயினும் திரைக்குச் சென்றது பெரும்பாலும் கேளிக்கைக் கானாவே. மரணப் பந்தலின் கானா தெருவிலேயே நின்றுவிட்டது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் கூட்டிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பெயர் பெற்று, கானாவை நீதியின் குரலாக மேடையேற்றியது. அக்குழுவின் பாடகி இசைவாணி இராயபுரத்தில் வளர்ந்தவர். 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

வேற்றுமைகளையும் மறைத்தலாகாது. புளூஸ் இசைத்தட்டை முதலில் உலகறியச் செய்தோர் பெண்கள். கானாவோ நெடுங்காலம் ஆண்களின் கையிலேயே இருந்தது. பெண்களை இழிவுபடுத்தும் கானாக்களும் வன்முறையைப் புகழும் கானாக்களும் உண்டு. புளூஸிலும் அத்தகையவை உண்டு. மக்களின் பாடல் என்பதனாலேயே ஒன்று தூய்மையாகிவிடாது. ஆனால் களையைக் காட்டிப் பயிரையே வெறுப்பது நல்ல உழவன் செயலன்று.

5. நமது கடமை

ஜெர்மானிய ராகங்களைப் பாமாலையில் ஏற்றோம். கர்நாடக இசையைக் கீர்த்தனையில் ஏற்றோம். பறையும் ஒப்பாரியும் கானாவும் மட்டும் ஆலய வாசலில் நிறுத்தப்பட்டது ஏன்? இசையின் தகுதி பற்றிய தீர்ப்பா அது, அன்றி அவ்விசைக்குரிய மக்களின் தகுதி பற்றிய தீர்ப்பா? மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இக்கேள்வியைத் துணிந்து எழுப்பி, கிராமிய இசையிலேயே வழிபாட்டை அமைத்துக் காட்டினார். கிராமத்துக்கு அவர் செய்ததை நகரத்துச் சேரிக்குச் செய்வார் இன்னும் தேவைப்படுகின்றனர்.

சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் மிகப் பல. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதற்கு ஆறுதலான முடிவு ஒன்றை ஒட்டவைக்க வேதம் முற்படவில்லை. நம் அடக்க ஆராதனையோ அழுகைக்கு இடம் தருமுன் நம்பிக்கைக்கு விரைகிறது. ஆலயத்தில் உடனே கானா பாடவேண்டும் என்பது இங்கே கூற வந்ததன்று. ஆயர் முதலில் செய்யத்தக்கது எளியது. கருமாதி இரவில் அப்பந்தலின் ஓரத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்கலாம். இறந்தவர் எந்தக் கப்பலில் மூட்டை இறக்கினார், யாருக்குக் கடன் கொடுத்தார், யாரிடம் பேசாமல் மனம் வைத்துப் போனார் என்பதைப் பாடகர் அறிந்திருக்கிறார். அடுத்த அடக்கத்தில் அந்த அறிவோடு இறந்தவரின் பெயரை உச்சரிக்கும் ஆயரின் ஜெபம், முன்பு அவர் செய்த ஜெபமாக இராது.