விக்ராந்த்தின் பாய்லரும் ஒரு பெரியவரின் காதும்

திண்டிவனம் பக்கத்திலிருந்து எழுபது தாண்டிய ஒரு பெரியவர் ஓ.பி.க்கு வந்தார். காது கேக்கலன்னு மகள் கூட்டிட்டு வந்தாங்க. முண்டியம்பாக்கத்துக்கு அனுப்பி ஆடியோகிராம் எடுத்தோம். வயசுக்கான சரிவு இருந்தது. அதோட 4000 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம். பல வருஷம் பெரிய சத்தத்துல நின்ன காதுல வர்ற பள்ளம் அது.

"மில்லுல வேலை பாத்தீங்களா ஐயா?"

"இல்ல சார், நேவி. விக்ராந்த்ல சீ ஹாக் ஸ்குவாட்ரன்."

அவர் சம்மதத்தோட, பேர் ஊர் இல்லாம இந்த த்ரெட்.

ஐஎன்எஸ் விக்ராந்த், 1961ல் நம்ம கடற்படையில் சேர்ந்த முதல் விமானம் தாங்கிக் கப்பல். அதில் இரண்டு முக்கிய ஸ்குவாட்ரன்கள். 300ல் சீ ஹாக் ஜெட், 310ல் அலிசே. இவர் 300ல் தரைப் பணியாளர். இறக்கையை விரிக்கணும், குண்டு மாட்டணும், கேட்டபுல்ட்ல விமானத்தைக் கோத்துட்டு விலகணும். ஜெட் பக்கத்துலயே நிக்கணும். 120 டெசிபல் தாண்டினாலே காது வலிக்கும். ஜெட் அதையும் தாண்டும்.

அவர் முதல்ல பேசினது சண்டையைப் பத்தி இல்லை. பாய்லரைப் பத்தி.

1970 ஜூனில் விக்ராந்த் பாய்லர்களின் நீர் டிரம்களில் விரிசல் கண்டுபிடிச்சாங்க. வெல்டிங்கில் சரி செய்ய முடியாது. புது டிரம் பிரிட்டனிலிருந்து வரணும். கப்பல் பம்பாயில் மாதக்கணக்கில் நின்னது. 1971ல் போர் வரும்னு தெரிஞ்சதும், பழைய டிரம்களோடவே, அழுத்தத்தைக் குறைச்சு ஓட்ட முடிவு பண்ணாங்க. வரம்பு 400 பி.எஸ்.ஐ. நம்ம பி.பி. கணக்குல 20,000 மி.மீ. மெர்க்குரிக்கு மேல! இதுதான் குறைச்ச அளவு.

அதனால என்ன? கிட்டத்தட்ட 25 நாட் ஓட வேண்டிய கப்பலின் வேகத்தை சோதனை ஓட்டத்தில் 14 நாட்டாகக் கட்டுப்படுத்தினாங்க. விமானம் ஏறவும் இறங்கவும் எதிர்க்காத்து வேணும். இயற்கையா வீசுறதும், கப்பல் ஓடுறதால வர்றதும் சேர்ந்தாதான் போதும். கேட்டபுல்ட்டுக்கும் அதே பாய்லரோட நீராவிதான். "காத்து அடிக்கலன்னா கப்பல்தான் காத்தா ஓடணும். எங்க கப்பலுக்கு மூச்சு வாங்கும்"னார். ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்டை மாரத்தான்ல விட்ட மாதிரின்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அந்த நோயாளியை வெச்சுதான் சண்டை நடந்தது. நம்ம மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து நவம்பர் 13ல் கிளம்பி அந்தமான் பக்கம் ஒளிஞ்சுக்கிட்டாங்க. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி இந்தக் கப்பலைத் தேடி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்த் விசாகப்பட்டினத்துலதான் இருக்குன்னு எதிரி நம்பணும்னு, அங்கே காண்ட்ராக்டர்கள்கிட்ட ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய இறைச்சி, காய்கறியை ஆர்டர் பண்ண வெச்சார்! டிசம்பர் 3 நள்ளிரவு வாக்கில் காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. நாம் மூழ்கடிச்சோம்னு இந்தியாவும், உள்ளே வெடிச்சதுன்னு பாகிஸ்தானும் இன்னிக்கும் சொல்லுது.

டிசம்பர் 4 காலை எட்டு சீ ஹாக் கிளம்பி காக்ஸ் பஜாரைத் தாக்கின. கப்பல் கரையிலிருந்து 60 கடல் மைல் தள்ளி நின்னது. சாயங்காலம் சிட்டகாங் துறைமுகம். 16ஆம் தேதி டாக்காவில் சரணடைவு. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், 300ஐ வழிநடத்திய லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவுக்கும் மகாவீர் சக்ரா கிடைச்சது.

"கீழ பாய்லர் ரூம்ல நின்னவங்களை யாருக்குத் தெரியும் சார்? நாங்க மேல காத்தாவது வாங்கினோம்"னார். விரிசல் விட்ட டிரம் பக்கத்துல ரெண்டு வாரம் வாட்ச் பார்த்திருக்காங்க. பைலட்கள் துணிச்சலைக் குறைச்சு சொல்லலை. ஆனா எனக்கு அந்த பாய்லர் ரூம்தான் மனசுல நிக்குது.

1997ல் விக்ராந்த்துக்கு ஓய்வு. மும்பையில் அருங்காட்சியகமா இருந்துட்டு, 2014ல் பழைய இரும்புக்குப் போச்சு. அந்த இரும்பை வாங்கி பஜாஜ் 'வி' பைக்ல சேர்த்தாங்க. எங்க லேப் டெக்னீஷியன்கிட்ட ஒண்ணு இருக்கு. சொன்னதும் பெரியவர் வெளியே போய் டேங்கை ரெண்டு தடவை தட்டினார்.

"ஒண்ணும் கேக்கல சார்"னு சிரிச்சார்.

காது மெஷினுக்கு அளவு எடுக்க வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.