வாஷிங்டன் என்னும் குடிப்பெயர்

ஊர்ப்பெயரால் ஒருவரைச் சுட்டும் வழக்கை அரபிலக்கணத்தார் 'நிஸ்பத்' என்பர். பக்தாத் நகரத்தார் 'பக்தாதீ' ஆவார். நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டு நிலக்கிழார்களிடையேயும் இத்தகைய வழக்குப் பரவக் காண்கிறோம். தொடக்கத்தில் நிலம் மாறினால் பெயரும் மாறும். காலப்போக்கிலேயே அது வழிவழி வரும் குடிப்பெயராய் நிலைத்தது. வாஷிங்டன் குடும்பம் இதற்குத் தக்க சான்றாகும்.

வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்னும் நிலக்கிழார் வாழ்ந்தார். 'டி' என்பது ஊரைச் சார்ந்தவர் எனப் பொருள்படும். அவர் ஹார்ட்பர்னை டர்ஹாம் பிஷப்பிடம் கொடுத்து, அதற்கு மாற்றாக வெஸ்ஸிங்டன் என்னும் ஊரைப் பெற்றார். 1183ஆம் ஆண்டின் போல்டன் நிலப்பதிவேடு இதனைக் குறிக்கின்றது. ஆண்டுக்கு நான்கு பவுன் செலுத்துவதுடன், பிஷப்பின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களுடன் செல்வதும் அவர் கடமையாயிற்று. ஊர் மாறவே பெயரும் மாறியது. அவ்வூர்ப்பெயரே பின்னர் வாஷிங்டன் எனத் திரிந்தது. 'வாஸா என்பானின் மக்கள் வாழ்ந்த இடம்' என்று அதற்குப் பொருள் கூறுவர்.

அவர் வழியினருள் ஒரு கிளையினர் லங்காஷயரில் குடியேறினர். அக்கிளையில் தோன்றிய லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வணிகத்தில் செழித்து, நார்தாம்டன் நகரின் மேயராகி, 1539இல் சல்கிரேவ் பண்ணையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார். அவர் மரபில் வந்த மற்றொரு லாரன்ஸ், பர்லி என்னும் ஊரின் பாதிரியார். மன்னர் பக்கம் நின்ற அவர், உள்நாட்டுப் போரின்போது 1643இல் பதவி நீக்கப்பட்டார். வறுமையுற்ற அக்குடும்பத்தின் மகன் ஜான், 1657இல் வர்ஜீனியாவில் கரையேறினார். அவருடைய கொள்ளுப்பேரனே அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். மன்னருக்காக வாழ்விழந்தவரின் வழித்தோன்றல், மன்னருக்கெதிராகப் படை நடத்தினார்!

இனி நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இப்பெயர் தாங்கியோரில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பின மக்களே. அடிமைத் தளையினின்று விடுபட்டோர் பலர் இப்பெயரை ஏற்றனர். அடிமையாய்ப் பிறந்த கல்வியாளர் புக்கர் வாஷிங்டன், சிறுவயதில் பள்ளியாசிரியர் முழுப்பெயர் வினவியபோது, இப்பெயரைத் தாமே சேர்த்துச் சொன்னதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

நிலக்கிழார் ஒருவர் நிலமாற்றத்தால் பெற்ற பெயரை, அடிமையாய்ப் பிறந்த சிறுவர் ஒருவர் தம் வாய்மொழியாலேயே பெற்றார். இருவருக்கும் அது பிறப்போடு வந்ததன்று. பெயரைக் கொண்டு குலத்தை அளக்க முற்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.