ஆஸ்போர்ன் பெட்டியும் திருவண்ணாமலைப் பையனும்

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், சாமான்களோடு சாமானாக ஒரு ஆஸ்போர்ன் 1 கணினியையும் கொண்டுவந்திருந்தார். பல வருஷம் அது பரணில் தூங்கியது. போன வருஷம் வீட்டை மாற்றும்போது, "ஓடுனா நீயே வெச்சுக்கோ. ஓடலைன்னா காயலான் கடைதான்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் கண்காட்சியில் வெளியானது. விலை 1,795 டாலர். எடை சுமார் 11 கிலோ. மூடினால் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும், மூடியைக் கழற்றினால் அதுதான் கீபோர்டு. உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசசர், 64 கிலோபைட் மெமரி, இரண்டு ஃப்ளாப்பி டிரைவ், நடுவில் 5 அங்குலத் திரை. பேட்டரி கிடையாது. தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் போன இடத்தில் பிளக் பாயின்ட் வேணும். விமான இருக்கைக்கு அடியில் அடங்கும் என்பதுதான் விளம்பரம். கூடவே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் எல்லாம் அதே விலைக்குள் கொடுத்தார்கள். வணிகரீதியாக வெற்றிபெற்ற முதல் போர்ட்டபிள் கணினி இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். செய்யச் சொன்னவர் ஆடம் ஆஸ்போர்ன். இந்த இரண்டாவது ஆள்தான் நம்ம ஊர்க்கதை.

ஆடம் 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அம்மா போலந்துக்காரர். ரமணரைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஆர்தர் பெயர் தெரிந்திருக்கும். ரமணாசிரமத்தின் 'தி மவுண்டன் பாத்' இதழை 1964இல் தொடங்கி நடத்தியவர் அவர்தான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் ஆர்தரை முகாமில் அடைத்துவைத்திருந்த காலத்தில், மனைவியும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ஆடமின் சின்ன வயசு அந்த மலையடிவாரத்திலும், பள்ளிப்படிப்பின் தொடக்கம் கொடைக்கானலிலும் கழிந்தது. பிறகு இங்கிலாந்து, பர்மிங்காமில் கெமிக்கல் எஞ்சினியரிங், அமெரிக்காவில் டாக்டர் பட்டம். 1970களில் மைக்ரோபிராசசர்கள் பற்றிப் புத்தகம் எழுதி, தானே அச்சிட்டு விற்றார். அது நன்றாக ஓடியது. 1979இல் அந்தப் பதிப்பகத்தை மெக்ராஹில் வாங்கியது.

இப்போது மேஜைக்கு வருவோம். பழைய கணினி கிடைத்ததும் பிளக்கில் செருகிப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யவே கூடாது. பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில் மஞ்சளாக, உள்ளே தெரியும் உறையோடு காகித கெபாசிட்டர்கள் இருக்கும். வருஷம் ஆக ஆக உறை விரிசல் விட்டு, ஈரம் உள்ளே போய், மின்சாரம் கொடுத்ததும் 'டப்'பென்று வெடித்து வீடெல்லாம் நாறும். என் பெட்டியில் இரண்டிலும் முடி மாதிரி விரிசல். இரண்டையும் மாற்றினேன். உப்பியிருந்த எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களையும் மாற்றினேன். அமெரிக்க மின்னழுத்தத்துக்காக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு முன்னால் நம்ம எலக்ட்ரீஷியன்கள் செய்வது போல ஒரு குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு ஆன் செய்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். ஒரு தரம் பளிச்சிட்டு மங்கியது. நல்ல சகுனம். மீட்டரில் 5 வோல்ட், 12 வோல்ட் சரியாக வந்தன.

ஆனால் திரை இருட்டு. முன்பக்கத்தில் பிரைட்னஸ் குமிழ் இருக்கிறது, திருகித் திருகிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பிக்சர் ட்யூபில் கை வைக்க எனக்குப் பயம். அணைத்த பிறகும் ஷாக் அடிக்கக்கூடியது. எங்கள் ஊரில் கருப்பு வெள்ளை டிவி காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கணினியே தொடாதவர். கால் மணி நேரம் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ட்யூப் மேல குத்தம் இல்லை. இந்த போர்டுக்கு வர வேண்டியதே வரலை. முன்னாடி எங்கேயோ லைன் கட்டாகுது, பாருங்க" என்றார்.

அப்போதுதான் பொறி தட்டியது. ஆஸ்போர்ன் 1இன் முன்பக்கத்தில், வெளி மானிட்டர் மாட்ட ஓர் இணைப்பு உண்டு. வெளி மானிட்டர் இல்லாதபோது அதில் ஒரு சின்னப் பிளக் செருகியிருக்கணும். உள் திரைக்குப் போகிற இணைப்பு அந்தப் பிளக் வழியாகத்தான். என்னுடையதில் அந்த இடம் காலி. டிரைவ்களுக்குக் கீழே ஃப்ளாப்பி வைக்க இரண்டு அறைகள் இருக்கும். கை விட்டுத் துழாவியதில், இடது அறையின் அடியில் தூசியோடு கிடந்தது. செருகினோம். வட்டை ஏ டிரைவில் போட்டு ரிட்டர்ன் அழுத்தச் சொல்லி, திரையில் எழுத்து வந்தது. அண்ணன் காசு வாங்கவில்லை. "இத்தனூண்டு டிவியா?" என்று மட்டும் கேட்டார்.

வட்டுக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. தளர்ந்துபோன பெல்ட், இறுகிய கிரீஸ், அழுக்கேறிய ஹெட் என்று டிரைவில் எல்லாமே வேலை வைத்தன. இதன் வட்டுகள் சிங்கிள் டென்சிட்டி, ஒன்றில் சுமார் 100 கிலோபைட்தான். இன்றைய கணினியிலிருந்து அப்படி எழுத, கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டும் ஒரு பழைய ஐந்தேகால் அங்குல டிரைவும் உதவின. ஒரு சனிக்கிழமை ராத்திரி சிபி/எம் எழுந்து வந்தது.

ஆஸ்போர்ன் நிறுவனம் 1983 செப்டம்பரில் திவாலானது. அடுத்த மாடலை முன்கூட்டியே அறிவித்தார், உடனே பழையதை வாங்க ஆளில்லை, கம்பெனி கவிழ்ந்தது என்பது வழக்கமான கதை. நிர்வாகப் பாடங்களில் இதற்கு 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்றே பெயர். இந்தத் திரையில் நாலு பக்கம் தட்டிப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதை போதவில்லை. ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும். வேர்ட்ஸ்டாரில் 80 எழுத்து வரியைப் படிக்க, திரையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்கணும். 1982இலேயே கேப்ரோ இதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையும் 80 எழுத்து வரியும் கொடுத்தது. அதே வருஷ நவம்பரில் ஐபிஎம்மோடு ஒத்துப்போகும் காம்பேக் போர்ட்டபிள் அறிவிக்கப்பட்டது. ஆஸ்போர்னின் அடுத்த மாடலான எக்ஸிக்யூட்டிவ் 2,495 டாலர், திரை 7 அங்குலம். வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. போதுமானது இருந்தால் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை என்பது ஆஸ்போர்னின் கொள்கை. அதனால் பெட்டிக்குள் எதுவும் அதிசயம் இல்லை. கடையில் கிடைத்த சிப்புகள், கடையில் கிடைத்த ட்யூப், அதிலும் அந்த இசட்80 பற்றி அவருடைய புத்தகங்களே விளக்குகின்றன. சந்தையில் தோற்க வைத்த அதே சிக்கனம்தான், 40 வருஷம் கழித்து ஒரு டிவி மெக்கானிக் கோளாறைக் கண்டுபிடிக்க வழிவிட்டது. என் பழைய செல்போனை அவரிடம் கொண்டுபோனால் திறக்கக்கூட முடியாது.

ஆடம் 1992இல் உடல்நலம் கெட்டு இந்தியா திரும்பினார். 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலில் இறந்தார். 'மடிக்கணினியைக் கண்டுபிடித்த தமிழர்' என்று யாராவது கிளப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் இதையெல்லாம் விவரமாக எழுதுகிறேன். அவர் தமிழரும் இல்லை, அது மடிக்கணினியும் இல்லை. இங்கே வளர்ந்தார், உலகத்துக்கு ஒன்றைச் செய்து காட்டினார், தோற்றார், கடைசியில் இங்கேயே வந்து சேர்ந்தார். அவ்வளவு உண்மையே போதும்.

நண்பருக்கு போன் செய்து "ஓடுது" என்றேன். "அப்ப திருப்பிக் குடு" என்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.